நிழல் விழாத கிராபிக்ஸ் கார்டு

கார்டைப் பிடித்திருந்த திருகுகள் இரண்டு. அவற்றைக் கழற்றி, ஓரத்துக் கொக்கியை நகத்தால் அழுத்தியதும் அது டக்கென்று கையோடு வந்துவிட்டது. பல வருடம் ஒரே இடத்தில் இருந்த பொருள் இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. முதுகில் ஒரு விரற்கடைக்குத் தூசி. ஊதிப் பார்த்தேன். பறக்கவில்லை. கரித்தூளும் உப்பும் கடற்காற்றின் ஈரத்தில் குழைந்து, தோசைக்கல்லின் அடிப்பக்கம் போல இறுகியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை அது. இடம், திருவொற்றியூரில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் நடந்துவந்த கிரேன் பயிற்சி மையம். சனிக்கிழமை அங்கேயே தேர்வு. அதற்குள் என் கையால் எல்லோருக்கும் ஒரு நல்லது செய்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை.

துறைமுகத்துப் பக்கம் பிறந்தவன் எழுதுகிற தொடரில் இத்தனை வாரமாகியும் ஒரு கப்பல்கூட வரவில்லையே என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். இந்த வாரமும் வராது. கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகள் வரும். அவையும் நிஜப் பெட்டிகள் அல்ல.

நாற்காலி மட்டும் நிஜம்

நிஜக் கிரேனில் ஏற்றுவதற்கு முன்னால் பொய்க் கிரேனில் பழக்குவார்கள். எங்களிடம் இருந்தது அந்தப் பொய்க் கிரேன். உடைத்துப்போட்ட ஏதோ ஒரு கிரேனிலிருந்து பெயர்த்துவந்த நாற்காலி. அதன் இரண்டு பக்கமும் கைப்பிடிகள். எதிரே மூன்று டிவி, காலடியில் ஒன்று. கிரேன் ஓட்டுகிறவர்களுக்குக் காலடியில்தான் உலகம். கண்ணாடித் தரை வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே, கயிற்றில் ஆடும் பெட்டியைக் கொண்டுபோய் இன்னொரு பெட்டியின் தலையில் உட்கார வைக்க வேண்டும்.

கைப்பிடி எந்தப் பக்கம் சாய்கிறது, பெட்டி எவ்வளவு ஆடுகிறது என்றெல்லாம் கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். அந்தக் கணக்கைப் படமாக வரைந்து டிவிக்கு அனுப்புவது கிராபிக்ஸ் கார்டு. ஒன்றன்பின் ஒன்றாக அது அள்ளிப்போடும் படங்களை நம் கண் கோத்துக்கொண்டு, பெட்டி நகர்கிறது என்று நம்பிவிடும். அந்த நம்பிக்கை அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே என் வேலை. கம்ப்யூட்டர் மெக்கானிக் என்று சொன்னால் போதும்.

பழைய கார்டை நான் பெரம்பூரில் எடுத்தேன். ரயில்வே பட்டறையின் சங்கு கேட்கும் தூரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கார் ஓட்டுவார்கள், துப்பாக்கி சுடுவார்கள். மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நான் வரிகளைத் தட்டச்சு செய்வேன். என்னை மாதிரி ஆள் வந்தால் கார்டுக்கு ஓய்வு என்று கடைக்காரர் சிரிப்பார். எல்லோர் கையிலும் செல்போன் வந்ததும் கடை மூடப்பட்டது. அன்று நான் வாங்கிவந்த பொருள்களில் அந்தக் கார்டு ஒன்று. இரண்டு விசிறிகள். ஒன்று ஓடும். இன்னொன்று, தட்டினால் ஓடும்.

எங்கள் பக்கத்துக் காற்றில் எந்தக் கார்டும் நிம்மதியாக வாழ்ந்ததில்லை. எண்ணூரிலிருந்து சாம்பல், துறைமுகத்திலிருந்து கரி, கிழக்கே முழுக்க உப்பு. வாங்கிய முதல் வருடம், மாதம் ஒருமுறை அதைக் கழற்றி, பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அடியில் இருக்கும் தங்கநிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைத்து மாட்டுவேன்; அப்புறம் அலுத்து விட்டுவிட்டேன். ரப்பர் கறுக்கும், பற்கள் மின்னும். அவ்வளவு ரப்பர் வாங்குகிற நான் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்றே எதிர்க்கடைக்காரர் ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

பழசுக்குக் கிரேன் படத்தை வரையத் திராணி போதவில்லை. திக்கித்திக்கி வரைந்தது. பார்க்க வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். அப்போது நான் இரண்டு காரியம் செய்தேன். படத்தில் விழுகிற நிழல்களை அணைத்தேன். அப்புறம், படம் வழவழவென்று ஓடுவதற்காக ஓர் அமைப்பை மாற்றினேன். இரண்டுமே யார் கண்ணையும் உறுத்தாத சின்ன வேலை. செய்ததையே மறந்துபோனேன்.

தேவகி

தேவகிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. வீடு வியாசர்பாடி. எர்ணாவூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிற வேலை. வருகிற பெட்டி, போகிற பெட்டி எல்லாவற்றின் நம்பரையும், நசுங்கல் இருந்தால் அதையும், வெயிலில் நின்று எழுதவேண்டும். பன்னிரண்டு வருடம் கீழே நின்று எழுதியவளுக்கு மேலே ஏறி ஓட்ட ஆசை.

யார்டில் சொல்லிவிட்டார்கள்: தேர்வில் தேறினால் கிரேன் தருகிறோம், ஆனால் நாற்பது வயதுக்குள். தேர்வு வருடத்துக்கு ஒருமுறை. அடுத்த தேர்வு வரும்போது அவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். அந்தச் சனிக்கிழமையை விட்டால் அவளுக்கு வேறு சனிக்கிழமை இல்லை.

ஐந்து மாதமாக வேலை முடிந்த கையோடு வந்து நாற்காலியில் உட்காருவாள். மற்றவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் இவள் ஆறு நாள். பஸ்ஸில் வரும்போதுகூட மேல்கம்பியில் டிபன் பையைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, அது ஆடுவதையே பார்த்துக்கொண்டு வருவாளாம். ஆட்டத்தை நிறுத்த பெட்டிக்குப் பின்னாலேயே ஓடி, அது எட்டிப்போன இடத்தில் தலைக்கு மேலே போய் நிற்கவேண்டும். அதற்குத்தான் டிபன் பை.

"கண்டக்டர் கேக்குறான் அண்ணாத்த, இன்னாம்மா, சோத்துக்கு ஊஞ்சலான்னு."

கைப்பிடியை விடுகிற கணத்தில் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'ட்ளொக்' என்று ஒரு சத்தம் செய்வாள். அந்தச் சத்தம் வந்தால் பெட்டி சரியாக உட்கார்ந்துவிட்டது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லலாம். அரை மணியில் பதினான்கு பெட்டி. தேர்வுக்குப் பன்னிரண்டு போதும்.

பயிற்சி கொடுத்தவன் பீட்டர். ராயபுரத்துக்காரன், அவளைவிட எட்டு வயது இளையவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பைக்கிலிருந்து விழுந்து காலில் கட்டு. கட்டு பிரிக்கிற வரைக்கும் எங்களிடம் வந்து பாடம் எடுத்தான். கட்டுக்காலோடு அந்த நாற்காலியில் ஏற முடியாது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாயாலேயே கிரேன் ஓட்டுவான்.

ஷோக்கா கீது

புதுக் கார்டை மையத்தின் முதலாளி அனுப்பியிருந்தார். மூன்று விசிறி. பழசைவிட ஒன்றரை மடங்கு நீளம், இரண்டு மடங்கு கனம். பெட்டிக்குள் நுழையவில்லை. உள்ளே இருந்த ஒரு தகட்டை ரம்பத்தால் அறுத்தேன். மாட்டிய பிறகு கனம் தாங்காமல் முனை தொங்கியது. காசிமேட்டில் வலையில் கோக்கிற மிதவை ஒன்று மேஜை டிராயரில் கிடந்தது. அதை அடியில் முட்டுக்கொடுத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. மிதவை இதுவரை தூக்கி நிறுத்தியதிலேயே விலை கூடிய பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

திரையைப் போட்டேன். ஐயோ, என்ன படம்!

பழைய கார்டில் கடல் என்றால் நீலக் காகிதம். இதில் கடல் மூச்சு விட்டது. பெட்டிகளின் தகர மடிப்பில் துரு வழிந்திருந்தது. பெட்டியை நான்கு மூலையிலும் கவ்விப் பிடிக்கிற இரும்புச் சட்டத்தில் கிரீஸ் பளபளத்தது. உச்சி வெயில், அதன் கீழே நிழல். பழசு நொடிக்கு இருபது படம் வரைய மூச்சு வாங்கியது. புதுசு அறுபதை வரைந்துவிட்டு விசிறியைக்கூடச் சுழற்றாமல் சும்மா இருந்தது.

"ஷோக்கா கீது மாமு!" என்று பீட்டர் ஊன்றுகோலால் தரையைத் தட்டினான். "அப்டியே நம்ம யார்டு. கலீஜ் தண்ணி ஒண்ணுதான் இல்ல."

மாலையில் தேவகி வந்தாள். வாயெல்லாம் சிரிப்பாக ஏறி உட்கார்ந்தாள். முதல் பெட்டியைத் தூக்கினாள், நகர்த்தினாள். ட்ளொக்.

பெட்டி ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது.

இன்னொரு தரம். ட்ளொக். மறுபடி ஒரு முழம். தள்ளி வைக்கப் போனாள். பெட்டி ஆடியது, ஆட்டத்தைப் பிடிக்கப் போனாள், பக்கத்துப் பெட்டியில் இடித்தது. சிவப்பு விளக்கு. அரை மணியில் ஐந்து.

அவளுக்கு முன்னால் வந்த புதுப்பிள்ளைகள், சேர்ந்து மூன்று வாரம் ஆனவர்கள், சிரமமே இல்லாமல் ஓட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதிகம் உழைத்தவள்தான் அதிகம் தடுமாறினாள்.

"இன்னா அண்ணாத்த பண்ண?" கீழே இறங்கி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. அதுதான் என்னவோ செய்தது. "கை என்து மாறியே இல்ல."

"புதுக் கார்டு போட்டேம்மா. படம் நல்லா வரும்னு."

"படம் பாக்க நான் தியேட்டருக்குப் போவ மாட்டேனா? எனக்குப் படம் வோணாம். பொட்டி வோணும். பழ்சையே போடு."

வரிசையில் நின்ற படங்கள்

புதன்கிழமை காலை ஒரு காரியம் செய்தேன். கைப்பிடியும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி செல்போனை வைத்து, மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தேன். புதுக் கார்டில், கை விட்டதும் படம் நின்றது. பழசை மாட்டி எடுத்தேன். கை விட்டுவிட்டது. படம் போய்க்கொண்டே இருந்தது. போய், போய், அப்புறம் நின்றது. கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் பெட்டி ஒரு முழம் நகர்ந்துவிடும்.

காரணம் கார்டு இல்லை. நான்.

படம் வழவழவென்று ஓட, பழைய கார்டில் மட்டும் நான் மாற்றினேனே ஓர் அமைப்பு, அது என்ன செய்ததென்றால், வரைந்த படத்தை உடனே காட்டாமல் நாலைந்தைச் சேர்த்து வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக, சீராக அனுப்பியது. எண்ணூர் ரோட்டில் டிரைலர்கள் நிற்குமே, கேட்டுக்கு நேற்று வந்தது இன்று உள்ளே போகுமே, அதே வரிசை. தேவகி ஐந்து மாதமாகப் பார்த்தது கொஞ்சம் பழைய கடலை, கொஞ்சம் பழைய பெட்டியை. அந்தத் தாமதத்தை அவள் கை கற்றுக்கொண்டது. ஒரு முழம் முன்னாலேயே விட்டுவிடப் பழகி, அதற்கு ஒரு சத்தமும் வைத்துக்கொண்டது.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று செய்த காரியம். எழுத்திலும் நான் இதைச் செய்திருக்கிறேன். ஒரு வரி வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்பதற்காக, நடந்தது நடந்த கணத்திலேயே அதைச் சொல்லாமல் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

மாலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கார்டு மாட்டியே இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள்.

ட்ளொக். ட்ளொக். ட்ளொக். அரை மணி. பதினான்கு.

நான் பெருமூச்சு விட்டேன். இதிலேயே தேர்வை எழுதிவிடட்டும். சனிக்கிழமை போனால் போதும். தேர்வாளருக்கு எந்தக் கார்டு என்று தெரியவா போகிறது?

தேவகி இறங்கவில்லை. நாற்காலியை அரைவட்டம் திருப்பிப் பீட்டரைக் கேட்டாள். "மெய்யான கிரேன் எத்த மாறி கீது? பழ்சா, புத்சா?"

பீட்டர் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"புத்சு மாறிதான் யக்கா. நிஜ கிரேனும் கொஞ்சம் இழுக்கும். ஆனா அந்த இழுப்பு கம்ப்யூட்டர் போடுற கணக்குலியே கீது. இந்த மாமு போட்டது அதுக்கு மேல ஒண்ணு."

"அப்ப இந்தக் கையோட நான் மேல ஏறனா, பொட்டி நான் நெனச்ச எட்த்துல நிக்காது."

"நிக்காது. போவப் போவ சரியாப் பூடும் யக்கா. ஒரு மாசம்."

"ஒரு மாசம்." அவள் காலடித் திரையைக் குனிந்து பார்த்தாள். "கீழ நம்பர் எய்தினு ஒருத்தி நிப்பா இல்ல பீட்டரு? ஒரு மொழம்னா அவ தலைக்கும் பொட்டிக்கும் நடுவுல கீற மொழம்தான் அது. நான் நின்ன எடம். எனக்குத் தெரியாதா?"

அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"கழட்டு அண்ணாத்த."

கமர்கட்டு

இரண்டே நாள். ஐந்து மாதப் பழக்கத்தை மறக்க வேண்டும். கற்றுக்கொள்வதைவிடக் கஷ்டமான வேலை அது. வியாழக்கிழமை ஏழு பெட்டி. கை கேட்கவில்லை. நாக்கு தட்டியதும் விரல் தானாகத் திறந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை யார்டில் லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே வந்தாள். ஒரு கன்னம் உப்பியிருந்தது. பல்வலியா என்று கேட்டேன். வாயைத் திறந்து காட்டினாள். கமர்கட்டு. கடிக்க முடியாத, கரைய நேரமாகிற, உருண்டையான, கறுத்த கமர்கட்டு.

"நாக்குதான பேஜார் பண்ணுது? அத்துக்கு ஒரு வேலை குட்த்துட்டேன்."

பீட்டர் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் கீழே விழுந்தது. ஆனால் அது வேலை செய்தது. சத்தம் போயிற்று. சத்தத்தோடு அந்த ஒரு முழமும் பாதி போயிற்று. ஒன்பது பெட்டி.

ஆனால் சத்தம் போன இடம் காலியாக இருந்தது. எப்போது விடுவது? எதைப் பார்த்து விடுவது? மத்தியானம் வரைக்கும் அவள் தேடினாள். பெட்டியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். பத்துக்கு மேல் ஏறவில்லை. சாப்பிடாமல், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு காலடித் திரையையே வெறித்திருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"இது இன்னாது கருப்பா?"

"நிழல்," என்றேன். "பழைய கார்டுல அணைச்சு வெச்சிருந்தேன்."

"நெழலா?"

எழுந்து நின்றுவிட்டாள்.

"யோவ், அத்தப் போயா அணைச்ச! கீழ நிக்கிற நாங்க எப்பவும் மேல பாக்க மாட்டோம். பாத்தா வெயில் கண்ணுல அடிக்கும், ஹெல்மெட்டு மறைக்கும். நெழலத்தான் பாப்போம். காலைல நெழலு கடலுக்கு எதுத்தாப்புல நீட்டா வுழும். மத்தியானம்னா நேரா பொட்டிக்கு அடியில. கால்ல பட்டா நவுருவோம். பன்னெண்டு வருஷமா என் உசுரு அதுலதான் கீது!"

உட்கார்ந்தாள். இந்தத் தடவை பெட்டியைப் பார்க்கவில்லை. கீழே இருக்கிற பெட்டியின் மேல் ஊர்ந்துபோன நிழலை மட்டும் பார்த்தாள். நிழலின் ஓரம் தகரத்தின் ஓரத்தைத் தொட்ட கணத்தில் கையை விட்டாள்.

சத்தமில்லாமல் உட்கார்ந்தது பெட்டி.

கீழே நின்று ஒதுங்கக் கற்ற அதே பாடம். இப்போது மேலே நின்று படிக்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம். அதை நான் அவளிடமிருந்து ஐந்து மாதம் அணைத்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை

தேர்வாளர் அதிகம் பேசாத மனிதர். தேவகி ஏறும்போது, "வாயில என்னம்மா?" என்றார்.

"மருந்து சார்."

நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்று, வலை மிதவையின் மேல் படுத்திருக்கும் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையைப் பார்க்கத் தைரியமில்லை. விசிறி சுழலத் தொடங்கிய மெல்லிய சத்தம். வெளியே காசிமேட்டுப் பக்கம் போகிற ஐஸ் வண்டியின் ஹாரன். பீட்டரின் விரல்களை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விரலை ஊன்றுகோல் மேல் மடக்கினான். பத்து விரலும் மடங்கின. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு விரலைத் திறந்து மடக்கினான். மணி அடிக்கப் போகிற நேரத்தில் இன்னொன்று.

பன்னிரண்டு. பதினான்கு இல்லை. அந்தப் பதினான்கு இனி வேண்டியதில்லை என்று அவளே சொன்னாள்.

பழைய கார்டை மறுபடி ரப்பர் போட்டுத் துடைத்து, வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். வருகைப் பதிவேட்டைக் காட்டுகிறது. அங்கே யாருக்கும் அவசரமில்லை.

மஞ்சள் கோடு

சில மாதம் கழிந்திருக்கும். எர்ணாவூர் யார்டில் எடைமேடைக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். வேலை முடிந்து, உச்சி வெயிலில் கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். காவலுக்குக் கூடவே ஓர் ஆளை அனுப்பியிருந்தார்கள்; அவர் ஏதோ கேட்டார், நான் ஏதோ ஒரு வரியை யோசித்துக்கொண்டே நடந்தேன். கிரேன் ஓடும் இடத்தைப் பிரிக்கிற மஞ்சள் கோடு தரையில் இருந்ததைக் கவனிக்கவில்லை.

என் செருப்பின் நுனி கறுத்தது.

குனிந்து பார்த்தேன். நேர்க்கோடாக வெட்டிய ஒரு நிழலின் ஓரம், கட்டைவிரல் மேல். வெயிலில் பாதிக் கால், நிழலில் பாதிக் கால். அங்குலம்கூட அதற்கு மேல் வரவில்லை. தொட்ட கணத்திலேயே நின்றிருந்தது.

கூட வந்தவரின் தோளில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"யாரது மஞ்சக் கோட்டத் தாண்டி... அட, நம்ம அண்ணாத்த! நெழலு மேல நின்னுகினு இன்னா யோசன? நவுரு, நவுரு."

ஒரு கன்னத்தில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

நகர்ந்தேன். நான் கோட்டுக்கு வெளியே வந்து நின்ற பிறகுதான் அந்த நிழல் நகர்ந்தது.